ஜெயிக்கிற குதிரை எது? அமெரிக்க ப்ரைமரி பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். அமெரிக்காவில் இருக்கும் நம் வாசகர்கள் பலர், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கக் கட்சிக்குள் நடக்கும் ப்ரைமரி தேர்தலில் யாருக்குப் போடுவது, யார் நவம்பர் பொதுத்தேர்தலில் ஜெயிப்பார் என்று வீட்டிலும் வேலை இடத்திலும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள் போலத் தெரிகிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. பென்சில்வேனியாவில் ஜனநாயகக் கட்சி வாக்காளராகப் பதிவு செய்திருக்கிறேன். எங்கள் தொகுதியில் பிரதிநிதிகள் சபைக்கான ப்ரைமரியில் இரண்டு பேர் முன்னணியில் இருக்கிறார்கள். ஒருவருடைய கொள்கை எனக்கு அப்படியே பிடித்திருக்கிறது. ஆனால் என் கணவர், "அவர் நவம்பர்ல தோத்துடுவார், இன்னொருத்தருக்குப் போடு" என்கிறார். பிடித்தவருக்குப் போடுவதா, ஜெயிக்கிறவருக்குப் போடுவதா?

பதில்: நவம்பர் வரை காத்திருக்காமல் முதல் வாக்கையே ப்ரைமரியில் போடப்போகிறீர்கள், அதற்கு வாழ்த்துகள். ஒரே கட்சியின் கை ஓங்கியிருக்கும் தொகுதிகளில் உண்மையான முடிவு ப்ரைமரியிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அதற்கு வந்து வாக்களிப்பவர்களோ கொஞ்சம் பேர்தான்.

உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள்: "தோற்றுவிடுவார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" அவர் போன தேர்தல் கணக்கைக் காட்டினால் உட்கார்ந்து கேளுங்கள். "பார்த்தாலே தெரியுதே", "எல்லாரும் சொல்றாங்களே" என்றால் அதற்காக உங்கள் வாக்கை மாற்ற வேண்டாம். ஜெயிக்கக்கூடியவர் என்ற சொல், கேட்பதற்கு வேட்பாளரைப் பற்றிய தகவல் மாதிரி இருக்கும், ஆனால் பாதி நேரம் அது முகம் தெரியாத இன்னொரு வாக்காளரின் மனசில் என்ன இருக்கிறது என்று நாமே போடும் ஊகம்தான், அந்த இன்னொருவரும் நம்மைப் பற்றி அதே மாதிரி ஊகித்துக்கொண்டிருப்பார்.

2004-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய அதிபர், குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷைத் தோற்கடிக்க ஜனநாயகக் கட்சிக்காரர்கள் துடித்துக்கொண்டிருந்த நேரம். இராக் போரை வெளிப்படையாக எதிர்த்த வெர்மான்ட் முன்னாள் ஆளுநர் ஹோவர்ட் டீன் பின்னால் பெரிய உற்சாகம் திரண்டிருந்தது. ஆனால் ஐயோவா மாநிலத்தில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டமான காக்கஸ் நெருங்கியதும் கட்சிக்காரர்களுக்குள் பயம் வந்துவிட்டது. டீன் நவம்பரில் தாங்கமாட்டார், வியட்நாமில் போரிட்டுப் பதக்கம் வாங்கிய ஜான் கெர்ரி என்றால் புஷ் அவரைத் தேசப்பற்று இல்லாதவர் என்று சொல்ல முடியாது, அவர்தான் பாதுகாப்பான ஆள் என்று நினைத்தார்கள். கெர்ரி ஐயோவாவில் ஜெயித்தார், அப்புறம் வேட்பாளரும் ஆனார். ஆகஸ்டில் என்ன நடந்தது? எந்தப் போர்ச்சேவை அவருக்குக் கவசம் என்று நினைத்தார்களோ, அதையே குறிவைத்து, பதக்கங்களையே சந்தேகிக்கும் விளம்பரங்கள் தொலைக்காட்சியில் ஓடின. நவம்பரில் புஷ்ஷுக்கு 286 எலக்டோரல் வாக்குகள் (மாநில வாரியாகக் கணக்கிட்டு அதிபரைத் தீர்மானிக்கும் வாக்குகள்), கெர்ரிக்கு 251. ஒஹாயோவை ஏறக்குறைய 1,18,000 வாக்குகளில் இழந்ததுதான் தீர்மானித்தது. டீன் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, அதை யாராலும் சொல்ல முடியாது. ப்ரைமரியில் விலக்கப்பட்டவர் நவம்பரில் நிற்பதே இல்லை, அதனால் இந்த ஊகத்தைச் சரிபார்க்க வழியே கிடையாது. இந்த விவாதம் முடிவில்லாமல் ஓடுவதற்கு அதுதான் காரணம்.

அதே சமயம், ஜெயிக்கும் திறன் என்று ஒன்றே கிடையாது என்று வாதிடுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2016-ல் டிரம்ப் மேற்கு வர்ஜீனியாவில் 40 சதவீதப் புள்ளிகளுக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டே வருடத்தில், 2018-ல், அதே மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் ஜோ மேன்சின் செனட் தேர்தலில் ஜெயித்தார். 2020-ல் மெய்ன் மாநிலத்தில் பைடன் எளிதாக ஜெயித்த அதே நாளில் குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸும் ஜெயித்தார். இவர்களை நான் ஜெயிக்கக்கூடியவர்கள் என்று தயங்காமல் சொல்வேன், ஏனென்றால் எதிர்க்கட்சி வாக்காளர்கள் வாக்குச்சீட்டில் இவர்கள் பெயருக்கு எதிரே குறி போட்டிருக்கிறார்கள், அது எண்ணி வைக்கப்பட்டிருக்கிறது.

ஆக, உங்கள் தொகுதி எப்படிப்பட்டது என்று பாருங்கள். போன இரண்டு மூன்று தேர்தல்களில் உங்கள் கட்சி 15, 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தால் இந்தப் பேச்சுக்கே அங்கே இடமில்லை, பிடித்தவருக்கே போடுங்கள். இழுபறித் தொகுதி என்றால், இரண்டு பேரும் இதற்கு முன் எங்கே நின்றார்கள், தங்கள் கட்சியின் மற்ற வேட்பாளர்களைவிடக் கூடுதலாக வாங்கினார்களா குறைவாக வாங்கினார்களா என்று பாருங்கள். அதில் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால், மறுபடியும் பிடித்தவருக்கே.

கேள்வி: ப்ரைமரி, காக்கஸ் என்று இரண்டு சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்? எல்லோரும் வாக்களிக்கலாமா?

பதில்: ப்ரைமரி வழக்கமான தேர்தல் மாதிரிதான், வாக்குச்சாவடிக்குப் போய் ரகசியமாக வாக்களித்துவிட்டு வந்துவிடலாம். காக்கஸ் என்பது ஊர்க்கூட்டம் மாதிரி. பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ ஒரு மாலை நேரம் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். ஐயோவாவில் 2020 வரை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வேட்பாளர் வாரியாக அறையில் தனித்தனிக் கூட்டமாக நிற்பார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் தேறாத கூட்டம் கலைந்து வேறு கூட்டத்துக்குப் போகலாம். அக்கம்பக்கத்தார் எங்கே நிற்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துக்கொண்டே முடிவெடுக்கும் முறை அது.

யார் வாக்களிக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பென்சில்வேனியா மாதிரி மூடிய ப்ரைமரி என்றால் அந்தக் கட்சியில் பதிவு செய்தவர்கள் மட்டும்தான். நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் ஏதாவது ஒரு கட்சியின் ப்ரைமரியைத் தேர்ந்தெடுத்து வாக்களிக்கலாம். கலிஃபோர்னியாவில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற இடங்களுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் நிற்பார்கள், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள், இரண்டு பேரும் ஒரே கட்சியாக இருந்தாலும்.

கேள்வி: "இவர் ஜெயிக்கவே மாட்டார்" என்று நிபுணர்கள் சொல்லி, அப்புறம் ஜெயித்தவர்கள் டிரம்ப் தவிர வேறு யாராவது உண்டா?

பதில்: நிறைய. எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் குடியரசுக் கட்சியின் ரீகன். 1980-ல் அவருக்கு 69 வயது, கட்சியின் வலது ஓரத்தில் நின்றவர். முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டே, இவ்வளவு தீவிரப் பழமைவாதி பொதுத்தேர்தலில் ஜெயிக்க முடியாது என்று பகிரங்கமாகச் சொன்னார். எதிரணியில் அன்றைய அதிபர் கார்ட்டரின் ஆட்களுக்கோ, ரீகன் வந்தால் நமக்கு நல்லது என்ற எண்ணம். நவம்பரில் ரீகன் 44 மாநிலங்களைப் பிடித்தார், எலக்டோரல் வாக்குகளில் 489-க்கு 49.

1992 இன்னும் சுவாரசியம். வளைகுடாப் போர் முடிந்த கையோடு, 1991-ல் அன்றைய அதிபர் மூத்த புஷ்ஷின் செல்வாக்கு கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் 89 சதவீதம். இவரை யார் அசைக்க முடியும் என்று ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் ஒதுங்கிக்கொண்டார்கள், நியூயார்க் ஆளுநர் மாரியோ குவோமோ கடைசி நேரம் வரை யோசித்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டார். களத்தில் மிஞ்சியவர்களில் ஒருவர் ஆர்கன்சா ஆளுநர் பில் கிளின்டன். பெண் விவகாரம், வியட்நாம் ராணுவச் சேவையைத் தவிர்த்த விவகாரம் என்று அடிமேல் அடி. 1992 ஜூனில்கூட புஷ், சுயேச்சையாக நின்ற பெரோ இருவருக்கும் பின்னால் மூன்றாவது இடத்தில் இருந்தார். நவம்பரில் 43 சதவீத வாக்குகளோடு 370 எலக்டோரல் வாக்குகள் வாங்கினார். இடையில் பொருளாதாரம் சரிந்திருந்தது, கிளின்டன் அதைப் பற்றியே விடாமல் பேசினார். ப்ரைமரி நேரத்தில் இதை எந்த நிபுணர் எடைபோட்டிருக்க முடியும்?

டிரம்ப் கதை உங்களுக்கே தெரியும். 2016-ல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றும் சேர்ந்து 80,000 வாக்குக்கும் குறைவான வித்தியாசம், அவ்வளவுதான் அவரை அதிபராக்கியது.

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும். 1964-ல் குடியரசுக் கட்சி கோல்ட்வாட்டரை நிறுத்தியது, ஆறு மாநிலங்கள்தான் கிடைத்தன. 1972-ல் ஜனநாயகக் கட்சி ஜார்ஜ் மெக்கவர்னை நிறுத்தியது, மாசசூசெட்ஸ் மட்டும்தான் கிடைத்தது, கூடவே தலைநகர் வாஷிங்டன். இரண்டு தடவையும் எச்சரித்தவர்கள் சரியாகவே எச்சரித்திருந்தார்கள். ஆனால் 1972-ல் முதலில் எல்லோரும் ஜெயிக்கக்கூடியவர் என்று தூக்கிவைத்திருந்தது மெய்ன் செனட்டர் எட்மண்ட் மஸ்கியை. அவர் நியூ ஹாம்ப்ஷயரில் முதலிடம் வந்தும்கூட, எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை என்ற பேச்சிலேயே சரிந்துபோனார். ஜெயிப்பார் என்ற ஒரே தகுதியின் மேல் நிற்பவருக்கு ஒரு சின்னச் சறுக்கல் போதும், பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இருக்காது.

கேள்வி: பெண் வேட்பாளர் என்றாலே, வெள்ளையர் அல்லாதவர் என்றாலே "ஜெயிப்பாரா?" என்று கேட்கிறார்கள். இது நியாயமான கவலையா, அல்லது பாகுபாட்டுக்கு ஒரு நாகரிகமான பெயரா? கமலா ஹாரிஸ் விஷயத்தில் நடந்ததும் இதுதானா? (கேட்பவர் ஒரு வாசகி, நியூ ஜெர்சியில் கல்லூரி மாணவி)

பதில்: உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்கும் உண்டு, அம்மா. ஒரு புள்ளிவிவரம் சொல்கிறேன். 2019 ஜூனில் இப்சாஸ் நிறுவனம் ஜனநாயகக் கட்சிக்காரர்களிடமும் சுயேச்சை வாக்காளர்களிடமும் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. ஒரு பெண் அதிபரானால் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு 74 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். உங்கள் அக்கம்பக்கத்தாருக்குச் சம்மதமாக இருக்குமா என்று கேட்டதற்கு 33 சதவீதம் பேர்தான் ஆமாம் என்றார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த அக்கம்பக்கத்தார் யார்? அதே 74 பேர்தானே! எனக்கு ஆட்சேபணை இல்லை, அடுத்த வீட்டுக்காரருக்கு இருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, பெரும்பாலானோரிடம் இல்லாத ஆட்சேபணைக்காகப் பெண் வேட்பாளரை ஒதுக்குகிறார்கள்.

ரெஜினா பேட்சன் என்ற அரசியல் ஆய்வாளர் 2020-ல் இதற்கு உத்திசார் பாகுபாடு என்று பெயர் வைத்தார். சொந்த வெறுப்பு எதுவும் தேவையில்லை, மற்றவர்களுக்கு வெறுப்பு இருக்கும் என்ற பயம் ஒன்றே போதும், விளைவு ஒன்றுதான். காங்கிரஸ் தேர்தல்களைப் பல வருடமாக ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, பொதுத்தேர்தலில் நிற்கும் பெண்கள் ஆண்களுக்குச் சமமான விகிதத்திலேயே ஜெயிக்கிறார்கள் என்பது. அவர்களை நிற்க விடாமல் செய்வதுதான் பெரிய தடை.

2008-ல் நடந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களில் பலர் 2007 முழுக்க ஹிலரி கிளின்டன் பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஒபாமாவைப் பிடிக்காமல் இல்லை. இந்த நாட்டில் வெள்ளையர்கள் ஒரு கறுப்பருக்குப் போடுவார்களா என்ற சந்தேகம், அனுபவத்தில் பழுத்த சந்தேகம். 2008 ஜனவரி 3 அன்று, 90 சதவீதத்துக்கு மேல் வெள்ளையர்கள் வாழும் ஐயோவாவில் ஒபாமா ஜெயித்தார், ஹிலரிக்கு மூன்றாவது இடம். அந்த ஒரு இரவு சந்தேகத்தை உடைத்துவிட்டது. அந்த மாதமே தென் கரோலினாவில் ஒபாமாவுக்கு 55 சதவீதம், ஹிலரிக்கு 27. நவம்பரில் 1964-க்கு அப்புறம் எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் ஜெயிக்காத இண்டியானாவையும் வர்ஜீனியாவையும் ஒபாமா பிடித்தார். முதலில் யாராவது ஒரு இடத்தில் துணிந்து வாக்களித்துக் காட்டினால்தான் மற்றவர்களின் ஊகம் மாறுகிறது.

கமலா ஹாரிஸ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நம்மில் பலருக்கு அவர் மேல் தனிப் பாசம் உண்டு, ஷ்யாமளா கோபாலனின் மகள் என்பதால். 2019-ல் ஒரு மாநிலத்தில்கூட வாக்குப்பதிவு நடக்கும் முன்பே, டிசம்பர் 3 அன்று அதிபர் வேட்பாளர் போட்டியிலிருந்து விலகினார். 2024 ஜூலையில் பைடன் விலகிய பிறகு ப்ரைமரியில் ஒரு வாக்கும் கேட்காமலேயே வேட்பாளரானார், 226-க்கு 312 என்று டிரம்பிடம் தோற்றார். இதை வைத்துப் பெண் ஜெயிக்க முடியாது என்று சொல்பவர்களிடம், விலைவாசியால் வெறுத்துப்போயிருந்த மக்களிடம், பதவியில் இருக்கும் துணை அதிபராக மூன்றே மாதத்தில் பிரச்சாரம் செய்த எந்த ஆண் ஜெயித்திருப்பார் என்று கேளுங்கள். ஹிலரி, கமலா என்று இரண்டு பெண்கள் தோற்றதைச் சொல்பவர்கள், தோற்றுப்போன ஆண் வேட்பாளர்களை எண்ணிப் பார்த்து, இனி ஆண்களை நிறுத்தவேண்டாம் என்று சொன்னதே இல்லை.

கேள்வி: கருத்துக்கணிப்பில் யார் எதிரியைவிட அதிக வித்தியாசத்தில் முன்னால் இருக்கிறாரோ அவரை நிறுத்திவிட வேண்டியதுதானே? இதில் என்ன விவாதம்?

பதில்: 1988 ஜூலையில், கட்சி மாநாடு முடிந்த சூட்டில், ஜனநாயகக் கட்சியின் மைக்கேல் டுகாகிஸ் மூத்த புஷ்ஷைவிட கேலப் கணிப்பில் 17 புள்ளி முன்னால் இருந்தார். நவம்பரில் பத்து மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும்தான் கிடைத்தன. தேர்தலுக்கு நாலு மாதம் முன்பே இப்படி என்றால், ஒரு வருடம் முன்னால் எடுக்கும் கணிப்பை எவ்வளவு நம்புவது?

இன்னொரு சிக்கல் உண்டு. மக்களுக்கு அதிகம் தெரியாத வேட்பாளர் கணிப்பில் நல்லவராகத் தெரிவார், ஏனென்றால் அவரைத் தாக்கி எதிர்க்கட்சி இன்னும் ஒரு டாலர்கூடச் செலவழித்திருக்காது. 2024 குடியரசுக் கட்சி ப்ரைமரியில் டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலி, பைடனை டிரம்பைவிட நான்தான் பெரிய வித்தியாசத்தில் தோற்கடிப்பேன் என்று கணிப்புகளைக் காட்டிக் காட்டிப் பேசினார். சில கணிப்புகள் அப்படித்தான் சொல்லவும் செய்தன. குடியரசுக் கட்சி வாக்காளர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஹேலிக்கு வெர்மான்ட்டும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும்தான் கிடைத்தன. டிரம்ப் நவம்பரில் ஜெயித்தும் விட்டார். கணிப்பு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கட்சி வாரியாக, மாநில வாரியாகப் பார்த்தால் உபயோகம் உண்டு, 3 புள்ளி வித்தியாசத்தைக் காட்டி ஒருவரை ஒழித்துக்கட்டுவதுதான் தவறு.

கேள்வி: தீவிரமான வேட்பாளரை நிறுத்தினால் கட்சி தோற்கும் என்பது உண்மையா? நடுவில் நிற்பவர்தான் ஜெயிப்பாரா?

பதில்: பாதி உண்மை, அந்தப் பாதியை அலட்சியம் செய்யக் கூடாது. டெலாவேர் மாநிலம், 2010. செனட் இடத்துக்குக் குடியரசுக் கட்சியில் மைக் காஸில் நின்றார். இரண்டு முறை ஆளுநர், ஒன்பது முறை பிரதிநிதிகள் சபை உறுப்பினர், மாநிலம் முழுக்கத் தெரிந்தவர், மிதவாதி. நவம்பரில் அவர்தான் என்று எல்லோரும் முடிவே கட்டியிருந்தார்கள். ஆனால் ப்ரைமரியில் டீ பார்ட்டி என்ற தீவிரப் பழமைவாத இயக்கத்தின் ஆதரவோடு வந்த கிறிஸ்டீன் ஓடானல் அவரைத் தோற்கடித்தார். நவம்பரில் ஓடானல் ஏறக்குறைய 17 புள்ளிகளில் தோற்க, கைக்கு வரவிருந்த இடம் போனது. 2017-ல் அலபாமா, குடியரசுக் கட்சியின் கோட்டை. ப்ரைமரியில் ராய் மூரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர் மேல் பாலியல் குற்றச்சாட்டுகள் எழுந்தன, டிசம்பரில் ஜனநாயகக் கட்சியின் டக் ஜோன்ஸ் ஜெயித்துவிட்டார்.

ஆண்ட்ரூ ஹால் என்ற ஆய்வாளர் பிரதிநிதிகள் சபை ப்ரைமரிகளில் தீவிரமானவரும் மிதமானவரும் மிக நெருக்கமாக மோதிய போட்டிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார். தீவிரமானவர் மயிரிழையில் ஜெயித்த இடங்களில், பொதுத்தேர்தலில் கட்சியின் வாக்கு சராசரியாக 9 முதல் 13 புள்ளி குறைந்திருந்தது. 2015-ல் வந்த ஆய்வு, அதற்கு முந்தைய முப்பது வருடக் கணக்கு. சின்ன இழப்பு இல்லை இது. ஆனால் இன்றைக்கு இரு கட்சி வாக்காளர்களும் யார் நின்றாலும் தன் கட்சிக்கே போடும் பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள், நடுவில் இருந்து மாறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், அதனால் அந்த அபராதமும் முன்பு மாதிரி இருக்காது என்றே நினைக்கிறேன்.

நடுவில் நிற்பது என்றால் கொள்கையில் நடுவில் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வாஷிங்டன் மாநிலத்தின் மூன்றாவது தொகுதியை 2022-ல் பாருங்கள், டிரம்ப் ஜெயித்த தொகுதி. பதவியில் இருந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜேமி ஹெரேரா பட்லரை, டிரம்ப் ஆதரவு பெற்ற ஜோ கென்ட் முதல் சுற்றிலேயே வெளியேற்றினார். எதிரே ஜனநாயகக் கட்சியில் மேரி க்ளூசன்காம்ப் பெரெஸ், கணவரோடு கார் மெக்கானிக் கடை நடத்தியவர். அவருக்கு நூற்றில் இரண்டு வாய்ப்புதான் என்று பிரபலமான ஒரு கணிப்பு சொன்னது. 3,000-க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார், 2024-ல் மறுபடியும் ஜெயித்தார். அந்தத் தொகுதி மக்கள் தங்களில் ஒருத்தியாக அவரைப் பார்த்தார்கள். கொள்கை அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கணிக்க முடியாது.

கேள்வி: எதிர்க்கட்சியே காசு செலவழித்து, இந்தக் கட்சியில் பலவீனமான வேட்பாளரை ஜெயிக்க வைக்கிறதாமே?

பதில்: உண்மைதான். 2012-ல் ஜனநாயகக் கட்சியின் மிசூரி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில், எதிர்க்கட்சி ப்ரைமரியில் நின்ற டாட் ஏகினை மிதமிஞ்சிய பழமைவாதி என்று "திட்டி" விளம்பரம் கொடுத்தார். குடியரசுக் கட்சி வாக்காளர்களுக்கு அது பாராட்டாகப் போய்ச் சேர்ந்தது. இதற்கு 17 லட்சம் டாலர் செலவழித்ததை அவரே பின்னால் எழுதினார். ஏகின் ஜெயித்தார், அப்புறம் பாலியல் வன்முறை பற்றி அவர் உளறிய ஒரு பேச்சால் நாடு கொதித்தது, மெக்காஸ்கில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். 2022-ல் மிச்சிகனில், டிரம்புக்கு எதிரான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாகத் துணிந்து வாக்களித்த குடியரசுக் கட்சியின் பீட்டர் மையரைத் தோற்கடிக்க, ஜனநாயகக் கட்சியின் அமைப்பு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து அவர் எதிரியைத் தூக்கிவிட்டது. இடம் அவர்களுக்குக் கிடைத்தது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, அதே ஆபத்தானவர்களை ப்ரைமரியில் வளர்த்துவிட்டால், என்றைக்காவது ஒருநாள் அவர்கள் நவம்பரிலும் ஜெயித்துவிடுவார்கள்.

கேள்வி: 2020-ல் பைடன் முதல் மூன்று மாநிலங்களில் தோற்றும் எப்படி வேட்பாளரானார்? கட்சித் தலைமை செய்த சதி என்று என் நண்பர் சொல்கிறார்.

பதில்: சதி என்று சொல்லமாட்டேன், எல்லாம் வெளிச்சத்தில் நடந்தது. ஐயோவாவில் நாலாவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது, நெவாடாவில் கட்சியின் இடதுசாரிப் போட்டியாளர் பெர்னி சாண்டர்ஸுக்கு வெகு தூரம் பின்னால் இரண்டாவது. பைடன் கதை முடிந்தது என்று எழுதாத பத்திரிகை குறைவு. பிப்ரவரி 26 அன்று தென் கரோலினாவின் செல்வாக்குள்ள கறுப்பினத் தலைவரும் பிரதிநிதிகள் சபை உறுப்பினருமான ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு சொன்னார். பிப்ரவரி 29 அன்று பைடன் அங்கே 48 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். மூன்று முறை அதிபர் போட்டியில் இறங்கிய அவர் வாழ்க்கையில் ஜெயித்த முதல் மாநிலம் அது. மறுநாள் சக போட்டியாளர் புட்டிஜிஜ் விலகினார், அதற்கு மறுநாள் க்ளோபசார், இருவரும் பைடனுக்கு ஆதரவு. மார்ச் 3, பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாய், 14 மாநிலங்களில் பத்து பைடனுக்கு. 50 கோடி டாலருக்கு மேல் கொட்டிய இன்னொரு போட்டியாளர், கோடீஸ்வரர் ப்ளூம்பெர்க்குக்கு அமெரிக்க சமோவா மட்டும்தான் மிஞ்சியது.

இதில் என்னைக் கவர்ந்த விஷயம், தென் கரோலினாவின் வயதான கறுப்பின வாக்காளர்கள். டிரம்ப் மறுபடி வந்தால் முதல் அடி தங்களுக்கே என்று அவர்கள் நினைத்தார்கள், யாரை இந்த நாட்டின் மற்ற வாக்காளர்கள் ஏற்பார்கள் என்பதில் அவர்களுக்கு ஒரு தெளிவான, கசப்பான கணிப்பு இருந்தது. அந்தக் கணிப்பை நான் மதிக்கிறேன். அது சரியாக இருந்ததா? பைடன் மொத்தத்தில் 70 லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கினார். ஆனால் அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 43,000 வாக்குகள் அளவுதான். அவ்வளவு பாதுகாப்பானவர் என்று தேர்ந்தெடுத்த ஆளே அந்த நூலிழையில்தான் தப்பினார். சாண்டர்ஸ் என்றால் தோற்றிருப்பார் என்று ஒருவர் இதை வைத்தே வாதிடலாம், வேறொருவர் சாண்டர்ஸ் இளைஞர்களை இன்னும் கூட்டியிருப்பார் என்று இதை வைத்தே வாதிடலாம்.

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. "ஜெயிக்க மாட்டார், ஜெயிக்க மாட்டார்னு சொல்லியே எங்க ஆளுங்களை எல்லாம் ஒழிச்சுட்டீங்கப்பா" என்று என்னிடம் சண்டை போடுகிறான். செனட் ப்ரைமரி வருகிறது, வீட்டில் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. என்ன செய்வது?

பதில்: அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், ஐயா. தான் நேசிக்கும் ஒருவரைப் பற்றி, அவர் கொள்கை தப்பு என்று யாரும் சொல்லாமல், ஊர் ஏற்காது என்று மட்டும் சொல்லித் தள்ளும்போது, பதில் சொல்லக்கூட வழியில்லாமல் போகிறது. அந்த வலி உங்களுக்குப் புரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். அவரை உங்களுக்கே பிடிக்கவில்லை என்றால் அதை நேராகச் சொல்லுங்கள், முகம் தெரியாத வாக்காளரின் பின்னால் ஒளியவேண்டாம்.

அப்புறம் அவனிடமும் ஒன்று கேளுங்கள்: உன் ஆள் நவம்பரில் எந்த வாக்குகளைப் புதிதாகக் கொண்டுவருவார், எந்த ஊரில் இருந்து? இளைஞர்கள் வருவார்கள் என்றால், அவர் முன்பு நின்ற தேர்தலில் வந்தார்களா? மாநிலத் தேர்தல் துறையின் இணையதளத்தில் பழைய முடிவுகள் மாவட்ட வாரியாக, பல இடங்களில் வாக்குச்சாவடி வாரியாகவே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் திறந்து பாருங்கள். முடிவில் நீங்கள் ஒருவருக்கும் அவன் இன்னொருவருக்கும் போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் உட்காரும் முன்பு உங்கள் மாநிலத்தில் பதிவுக்குக் கடைசி நாள் என்றைக்கு என்று பார்த்துவிடுங்கள், 22 வயதுப் பிள்ளைகள் வீடு மாறிப் பழைய முகவரியிலேயே பதிவு இருப்பது ரொம்ப சகஜம்.